சுத்தக்காரி பெற்ற பிள்ளை

மடுல்சீமையைத் தாண்டி, பஸ் நிற்கிற இடத்திலிருந்து குண்டும் குழியுமான கல்ரோட்டில் வெகுதூரம் ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டத்தில் நிரஞ்சலாவுக்குச் சுத்தக்காரி என்று பெயர். பாராட்டாகச் சொன்னவர்கள் கொஞ்சம், வயிற்றெரிச்சலில் சொன்னவர்கள்தான் அதிகம். வரிசை வீடுகளான லயத்தில் எல்லாருக்கும் ஒரே அளவு காம்பரா, ஒரே தகரக் கூரை, ஒரே அடுப்புப் புகை. ஆனால் இவள் வாசல் திண்ணையான இஸ்தோப்பு மட்டும் சிவப்புப் பொலிஷ் போட்டு முகம் பார்க்கலாம் போல மினுங்கும். மலையில் கொழுந்து பறித்துவிட்டு எல்லாரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும் நேரத்தில் இவள் வாளியும் துணியுமாக முழங்காலில் நிற்பாள்.

சுத்தமாக இருப்பது குற்றமில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பக்கத்துக் காம்பரா இராக்கம்மாவின் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் குடம் பிடிக்க நின்ற அத்தனை பெண்களுக்கும் முன்னால் இவள் கேட்டாள்: "அக்கா, மூக்கக்கூட தொடைக்காம புள்ளைகள விட்டிருக்கீங்களே, பாக்கிறவங்களுக்குச் சோறு எறங்குமா?" இராக்கம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். சில பேர் பதிலை உடனே சொல்லிவிடுவார்கள், சில பேர் பத்திரமாக வைத்திருப்பார்கள். இராக்கம்மா இரண்டாவது ரகம்.

நிரஞ்சலா இந்த லயத்திலேயே பிறந்தவள். தாய் மலைக்குப் போக, இவளும் பிள்ளைக் காம்பராவில் கிடந்து வளர்ந்தாள். வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அந்தக் காலத்தில் அங்கே பிள்ளை பார்த்த அம்மா கையில் எந்நேரமும் ஒரு தேயிலைக் குச்சி இருக்கும். நடக்கப் பழகியதும் நிரஞ்சலா வெளிக்குப் போகக் கேட்கப் பழகிவிட்டாளாம். அதை ஒரு பட்டம் வாங்கியதைப் போலப் பின்னாளில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். குச்சியின் பங்கைச் சொல்ல மாட்டாள்.

லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கஜேந்திரனைக் கட்டினாள். அவன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தீபாவளிக்கும் தேருக்கும் வருவான், புதுச் சட்டையோடு வந்து பழைய சண்டையோடு போவான். விதுஷா பிறந்தாள். அழகான பிள்ளை, அம்மாவைப் போலவே சீக்கிரம் சொல்லப் பழகினாள். இரண்டு வயதாகும் முன்பே "ஆய்" என்று கையைப் பிடித்து இழுப்பாள். பீலிக்கரையில் நிரஞ்சலாவுக்குத் தலைகால் தெரியவில்லை. "எம்மக ஒரு கால்சட்டைய வீணாக்கினதில்ல" என்பாள், யாரும் கேட்காமலே.

மூன்று வயது முடிந்து வந்த மழைக்காலத்தில் எல்லாம் குட்டிச்சுவரானது. மழைக்கு வெளியே போக முடியாது, தண்ணீர் குடிக்கவும் பிள்ளைக்கு மனமில்லை, மூன்று வேளையும் ரொட்டி. ஒரு நாள் காலையில் லயத்துக் கக்கூஸில் உட்கார்ந்த விதுஷா வீறிட்டுக் கத்தினாள். போனது கல்லாகப் போனது, கொஞ்சம் இரத்தமும் வந்தது. காலைப் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, கங்காணி வேலைக்குப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். நிரஞ்சலா பிள்ளையைக் கழுவி, "ஒண்ணுமில்ல, வா" என்று இழுத்துக்கொண்டு ஓடினாள். அந்தப் பிள்ளை அன்றைக்கே முடிவு செய்துவிட்டது, இனி இந்த வேலையே வேண்டாம் என்று.

அதற்குப் பிறகு விதுஷா கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள். கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் எம்பி, முகம் சிவக்க நிற்பாள். உள்ளே வருவதை அடக்கிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். நிரஞ்சலாவின் கண்ணுக்கு அது வீம்பாகத் தெரிந்தது. "கக்கூஸுக்குப் போ" என்றால் போகாத பிள்ளை கொஞ்ச நேரத்தில் கால்சட்டையை அசிங்கமாக்கிக்கொண்டு வந்து நின்றால் வேறு எப்படித் தெரியும்? வந்த மலமும் தண்ணீராகத்தான் வந்தது. ஒரு நாளில் பலமுறை வந்தது.

கீழே பிள்ளைக் காம்பராவில் தனுஜா டீச்சர் பொறுப்பாக இருந்தாள். பயிற்சி எடுத்தவள், குச்சி தூக்காதவள். ஆனால் முப்பது பிள்ளைகளுக்கு அவளும் ஒரு உதவியாளும்தான். மூன்று வயது தாண்டிய பிள்ளை அசிங்கப்படுத்தினால் தாயை வரச்சொல்வது அங்கே வழக்கம். மலையுச்சியில் கைபேசிக்கு சிக்னல் கிடையாது, ஆகவே செய்தி வாய்வழியாகத்தான் ஏறும். அடிவாரத்து நிரையில் கொழுந்து பறிப்பவள் அடுத்த நிரைக்காரியிடம் சத்தம் போட, அவள் அடுத்தவளிடம் போட, மலை முழுக்க அது ஏறி வரும்.

"நிரஞ்சலாட்டச் சொல்லுங்க, மக பேண்டுட்டாளாம்."

"என்னாது?"

"சுத்தக்காரி மக பேண்டுட்டாளாம்."

கீழிருந்து வந்தபோது அது வெறும் செய்தி. ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் சிரிப்பு சேர்ந்து, அவளிடம் வந்து சேரும்போது திருவிழாவாகிவிடும். தலையில் கயிறும் முதுகில் கூடையுமாக அவள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்குவாள். இருபக்கமும் குனிந்து பறிப்பவர்கள் குனிந்தபடியே சிரிப்பார்கள். அடுத்த வீட்டு அழுக்கைவிட ருசியான சாமான் லயத்துச் சனத்துக்கு உலகத்தில் இல்லை, அதிலும் இது இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்தது. அந்த இறக்கத்தில் அவளுக்கு மகள் மேல் வந்த வெறுப்பு சொல்லி முடியாது. பெற்ற பிள்ளை மேல் அப்படி ஒரு வெறுப்பு வரும் என்று அவளே நினைத்ததில்லை. வந்தது.

ஒரு மாலை இராக்கம்மா தானாகவே வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்தாள்.

"வயித்தால போகுதா புள்ளைக்கு?"

"ஆமாக்கா. நிக்கவே மாட்டேங்குது."

"கடுஞ்சாயம் குடு. சீனி போடாத. கொய்யாக் கொழுந்தும் போட்டு நல்லா சுண்ட வை. வயித்தக் கட்டிரும்."

இதில் இராக்கம்மாவைக் குறை சொல்ல முடியாது. பழைய கோபத்தோடு வேடிக்கை பார்க்க வந்தவள்தான், ஆனால் சொன்னது நல்ல மனதோடு சொன்னது. தேயிலைக்குள் பிறந்து தேயிலைக்குள் சாகிற சனம், வயிற்றால் போனால் பால் கலக்காத கடுஞ்சாயத் தேநீர் என்பது அவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு. தோட்டத்தில் கொடுக்கிற தேயிலைத் தூளுக்கு வீட்டில் பஞ்சமும் இல்லை. நிரஞ்சலா தூளை அள்ளிப் போட்டுக் கறுக்கக் கறுக்கக் காய்ச்சினாள். விதுஷா ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை ஊற்றினாள்.

கழிசல் நிற்கவில்லை. சாயம் போதவில்லை என்று இன்னும் கறுப்பாக்கினாள். கீரையை நிறுத்தினாள், பழத்தை நிறுத்தினாள். காலையில் தண்ணீர் கொடுப்பதையும் நிறுத்தினாள். பிறகு இராச்சோற்றையும் குறைத்தாள். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்பது அவள் கணக்கு. பிள்ளை சோற்றுச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். "திங்கிறதுக்கு மட்டும் வாய் இருக்கு, சொல்றதுக்கு வாய் இல்லியா?" என்று மூடியைப் போடுவாள். விடிந்ததும், மலை முழுக்க மூட்டம் இறங்கியிருக்கும் நேரத்தில், பீலித் தண்ணீருக்கடியில் பிள்ளையை நிறுத்துவாள். பல் கிட்டும் தண்ணீர் அது. விதுஷா நீலம் பாரித்து நடுங்கும்போது, "இனிமே பேளுவியா?" என்று கேட்பாள். பிள்ளை "பேள மாட்டேன்" என்று சொல்லும். சொன்ன சொல்லைக் காப்பாற்ற அது பட்ட பாடு கதவுக்குப் பின்னால் நடந்தது.

கஜேந்திரன் கொழும்பிலிருந்து பேசும்போது ஆறுதல் சொல்லுவான் என்று எதிர்பார்த்தாள். "ஒரு புள்ளைய ஒழுங்காப் பேள வைக்கத் தெரியல, இதுல ஒனக்கு சுத்தக்காரின்னு பேரு" என்று சொல்லி அவன் கைபேசியை வைத்துவிட்டான். அந்தச் சொல்லுக்கான அடி விதுஷாவின் முதுகில் விழுந்தது. அன்று அசிங்கமான கால்சட்டையைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, அந்த மினுங்கும் இஸ்தோப்பில் நிற்க வைத்தாள். போகிற வருகிற பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பார்த்துக்கொண்டிருந்த இராக்கம்மாவே எழுந்து வந்து, "போதும் புள்ள, உள்ள கூட்டிட்டுப் போ" என்றாள். எதிரிக்கே பொறுக்கவில்லை, தாய்க்குப் பொறுத்தது.

கடைசியில் தனுஜா டீச்சர் சொல்லிவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. மத்த அம்மாமார் பேசுறாங்க. இது சரியாகிறவரைக்கும் வீட்டுல வச்சுக்கோங்க."

"வீட்டுல வச்சிக்கிட்டா நான் எப்படி டீச்சர் மலைக்குப் போறது?"

"புள்ளைய ஒருக்கா டொக்டருக்குக் காட்டுங்க. வயிறப் பாருங்க, எப்படி இருக்குன்னு."

நிரஞ்சலா அப்போதுதான் பார்த்தாள். கையும் காலும் குச்சியாக இருக்க, வயிறு மட்டும் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது. சோறு குறைத்த பிள்ளைக்கு வயிறு எப்படிப் பெருக்கும்? பூச்சி என்று நினைத்தாள். அடுத்த நாள் விதுஷா வாந்தி எடுத்தாள், பச்சையாக. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுளை பஸ் ஏறினாள்.

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் ஸில்மியா என்ற இளம் டொக்டர் விதுஷாவின் வயிற்றை மெதுவாக அமுக்கிப் பார்த்தார். அமுக்கிக்கொண்டே நிமிர்ந்து நிரஞ்சலாவைப் பார்த்தார்.

"புள்ள கடைசியா ஒழுங்கா வெளிக்குப் போனது எப்ப?"

"தெனமும் போறா மிஸ். நாலஞ்சு தடவ. அதுதானே பிரச்சினையே."

"அதுக்கு என்ன குடுத்தீங்க?"

நிரஞ்சலா சொன்னாள். கடுஞ்சாயம், கொய்யாக் கொழுந்து, தண்ணீர் குறைத்தது, சோறு குறைத்தது. பொறுப்பான தாய் என்று தெரியட்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். டொக்டர் அவள் கையைப் பிடித்துப் பிள்ளையின் வயிற்றில் வைத்தார்.

"இந்தா, நீங்களே தொட்டுப் பாருங்க. கல்லு மாதிரி இருக்குதா? எல்லாம் உள்ளுக்கே இறுகிக் கெடக்குது. அதச் சுத்தி வழியிற தண்ணியத்தான் நீங்க வயித்தால போகுதுன்னு நெனச்சிருக்கீங்க. கட்டிப்போன வயித்த மேல மேல கட்டியிருக்கீங்க."

"அப்ப அவ வேணும்னு செய்யலியா?"

"வழியிறதே புள்ளைக்குத் தெரியாது. தெரிஞ்சாத்தானே சொல்லுவா. ஏன், அடிச்சீங்களா?"

நிரஞ்சலா இல்லை என்று தலையாட்டினாள். உண்மையைச் சொல்ல வேண்டுமே, அந்த நேரத்தில் அவளுக்கு முதலில் வந்தது அழுகையல்ல. இராக்கம்மா மேல் ஆத்திரம் வந்தது, கஜேந்திரன் மேல் வந்தது, மலையில் சிரித்த ஒவ்வொருத்தி மேலும் வந்தது. தன் மேல் ஆத்திரப்படும் முறை வருவதற்குள் பிள்ளையை வார்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

பின்வழியே குழாய் வைத்து மருந்து ஏற்றி வெளியேற்ற வேண்டும் என்றார்கள். கால்களைப் பிடித்துக்கொள்ளத் தாயைக் கூப்பிட்டார்கள். விதுஷா வலியில் கத்தவில்லை. பயத்தில் கத்தினாள். "அம்மா, பேள மாட்டேன். இனிமே பேள மாட்டேன்" என்று தொண்டை கட்டும்வரை சத்தியம் செய்தாள். பேளு, பேளு என்று எல்லாரும் காத்து நிற்க, அவள் பேள மாட்டேன் என்று மன்றாடினாள். பிள்ளை என்ன சொல்கிறது என்று சிங்கள நர்ஸ் சிரித்துக்கொண்டே கேட்டாள். நிரஞ்சலா கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது அழுதாள், நெஞ்சு வெடிக்க அழுதாள், கையை மட்டும் விடவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் பலமுறை சொல்லி அனுப்பினார். மருந்தை நிறுத்தக்கூடாது. தண்ணீர், கீரை, பழம் நிறையக் கொடுக்க வேண்டும். சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் உட்கார வைக்க வேண்டும். ஏசவே கூடாது, பயம் இருந்தால் மறுபடி அடக்குவாள், மறுபடி கட்டும், அடுத்த முறை இதைவிட மோசமாகும். நிரஞ்சலா எல்லாவற்றுக்கும் சரி மிஸ், சரி மிஸ் என்றாள். பஸ் ஸ்டாண்டில் நல்ல பழுத்த பப்பாசிப்பழம் ஒன்று வாங்கினாள்.

காம்பராவுக்கு வந்து பழத்தைச் சீவித் துண்டு போட்டு மகள் முன்னால் உட்கார்ந்தாள். "சாப்பிடு தங்கம்" என்றாள். தங்கம் என்று கூப்பிட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. விதுஷா உதட்டை இறுக மூடிக்கொண்டாள். தின்றால் வரும், வந்தால் பீலித் தண்ணீர். அந்தப் பாடத்தை அம்மாதான் நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"பேண்டா அம்மா ஒண்ணும் செய்ய மாட்டேன்டி. சத்தியமா. ஒரு வாய் வாங்கு."

பிள்ளை தலையை ஆட்டியது. நிரஞ்சலா கெஞ்சினாள், கொஞ்சினாள், தானே ஒரு துண்டைத் தின்று காட்டினாள். மருந்தையும் வாங்கவில்லை, தண்ணீரையும் வாங்கவில்லை. தின்னாவிட்டால் மறுபடி கட்டும், மறுபடி அந்தக் குழாய். கண் கலங்கி வந்தது, துடைப்பதற்குக் கையைத் தூக்கினாள்.

விதுஷாவின் வாய் திறந்தது. எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்தது. கண்கள் அம்மாவின் கையை விட்டு அகலவில்லை. நிரஞ்சலா அவசரமாக ஒரு துண்டை உள்ளே வைத்தாள். பிள்ளை மென்று விழுங்கியது. கை இறங்கியதும் வாய் மூடிக்கொண்டது.

நிரஞ்சலா மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தாள். பிறகு அதைத் தூக்கினாள், இந்த முறை துடைக்க ஒன்றும் இல்லாமல். வாய் திறந்தது. பழம் முழுவதும் அப்படியே தீர்ந்தது, மருந்தும் இறங்கியது, தண்ணீரும் இறங்கியது. பிறகு அதே கையைத் தூக்கிக்கொண்டு கக்கூஸ் வாசலிலும் நின்றாள், பிள்ளை உட்கார்ந்தாள், மருந்து தன் வேலையைச் செய்தது.

கொஞ்ச நாளில் விதுஷா தேறிவிட்டாள். தனுஜா டீச்சர் மறுபடி சேர்த்துக்கொண்டாள். மலைக்குச் செய்தி ஏறுவது நின்றது, நிரஞ்சலாவின் இஸ்தோப்பு பழையபடி மினுங்கியது. எப்படி மாற்றினாய் என்று இராக்கம்மா கேட்டதற்கு, "அன்பாச் சொன்னா கேக்காத புள்ள எங்கக்கா இருக்கு?" என்றாள். உள்ளே போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டு மகள் முன்னால் உட்கார்ந்தாள், கையைத் தூக்கினாள்.