சுமதி அக்கா செய்த ஏ-நைன் ரோட்டு

சுமதி அக்கா செத்துப்போனா.

நாலு நாளாச்சு... இப்பதான் எழுத வருது.

நான் கிளிநொச்சியில ஒரு பிறின்ரிங் கடையில டிசைன் செய்யிறது உங்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலமை கடை வட்ஸ்அப்புக்கு ஒரு போட்டோ வந்தது. கீழ "மரண அறிவித்தல், நூறு கொப்பி, அவசரம்" எண்டு கிடந்தது.

போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தன். அக்கா.

ஆறு வருசம் எனக்குப் பக்கத்துக் கதிரையில இருந்து வேலை செய்தவா. அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்ச பிறகுதான் வேலையை விட்டிட்டு கண்டாவளையில வீட்டோட நிண்டவா.

நெஞ்சு நோகுது எண்டு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டவவாம். ஓட்டோவுக்குள்ளயே முடிஞ்சுதாம்... நாப்பத்திரண்டு வயசு.

அவாவின்ர அறிவித்தலை நான்தான் அடிச்சன். பேரை ரெண்டு தரம் பிழையா அடிச்சன்.

கேம் விளையாடுற ஆக்களுக்கு அவாவை வேற பேரில தெரியும். அந்த பஸ் ஓட்டுற கேமுக்கு ஓமந்தையில இருந்து பரந்தன் மட்டும் ஏ-நைன் ரோட்டைச் செய்து போட்டது ஆர் எண்டு கேப்பியள் எல்லோ... அவாதான். கன பேர் ஆம்பிளை எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தவை.

தெரியாதவைக்குச் சொல்லுறன். கொம்பனி விக்கிற கேமுக்குள்ள நாங்களாச் செய்து சேர்க்கிற ரோட்டு, வாகனம், மரம்... இதுகளைத்தான் மொட் எண்டுறது.

ஞாயிற்றுக்கிழமையில பஸ்ஸில யன்னல் கரையில இருந்து போனில வீடியோ எடுத்துக்கொண்டே போவா. ஒருநாள் நானும் கூடப் போனனான்.

கொண்டக்டர் கேட்டார், "அக்கா, எங்க இறங்கப் போறியள்?"

"இறங்கேல்ல அண்ணை. இதிலயே திரும்பிப் போறன். மற்றப் பக்கத்தையும் எடுக்கோணும்."

அந்தாள் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது... இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

அவாவின்ர ரோட்டில எல்லா வாகனமும் நிண்டு கும்பிட்டிட்டுப் போற முறிகண்டிக் கோயிலடியில பஸ்ஸை நிப்பாட்டாமல் போனால், உள்ள இருக்கிற சனம் ஏசும். வெளிநாட்டுக்காரர் விளங்காமல் வந்து "இது பக்கா, கேமில பிழையா?" எண்டு கேப்பினம். "பக் இல்லை, பிள்ளையார்" எண்டு பதில் போடுவா. போட்டிட்டு கதிரையில சாய்ஞ்சு தனியச் சிரிப்பா.

பிறகு அந்தக் கொம்பனி மொட்களுக்கெண்டு தன்ர சொந்தத் தளத்தைத் திறந்தது. இனி எல்லாம் அதுக்குள்ளாலதான் வரோணும். விரும்பினால் விலை போடலாம், அதில கொம்பனிக்கு ஒரு பங்கு.

மொட் செய்யிற எங்கட குறூப் ரெண்டாப் பிரிஞ்சது. உழைப்புக்குக் கூலி வேண்டாமோ எண்டு ஒரு பகுதி. ஆசைக்குச் செய்ததைச் சந்தைக்குக் கொண்டு போகாதேங்கோ எண்டு மற்றப் பகுதி.

நான் முதல் பகுதி. வவுனியாவில இருந்து முல்லைத்தீவுக்கு ஒரு ரோட்டுச் செய்து விலை போட்டிருந்தனான். ஆரும் பெருசா வாங்கேல்ல.

அக்காவுக்குப் போன் எடுத்தன். "நீங்களும் விலை போடுங்கோ அக்கா. அம்மாவின்ர மருந்துக்காவது உதவுமெல்லே."

"அந்தப் பனையள் எல்லாம் ஒரு இந்தோனேசியாக்காரன் சும்மா தந்தது. பாலம் செய்யக் காட்டித் தந்தது போலந்தில ஒரு பிள்ளை. அதுகளைச் சேர்த்து நான் எப்பிடி விக்கிறது, கஜன்?"

"நீங்கள் சும்மா குடுத்தால் எங்கடையை ஆர் அக்கா வாங்கப் போறான்?"

"நீர் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு. ஆனா என்னால ஏலாது."

அதோட விட்டிருக்கலாம்... நான் விடேல்ல.

"பேர் எடுக்கிறதுக்காக ஓசியில குடுக்கிற ஆக்களாலதான் மற்றவன்ர பிழைப்புக் கெடுது" எண்டு குறூப்பில எழுதினனான். பேர் போடேல்ல. ஆனா எல்லாருக்கும் விளங்கினது.

கீழ வந்து ஆக்கள் என்னென்னவோ எழுதினவை. நான் ஒண்டையும் அழிக்கேல்ல. சிலதுக்கு லைக்கும் போட்டனான்.

அக்கா ஒரு பதிலும் போடேல்ல. அடுத்த கிழமை குறூப்பில இருந்து விலகிப் போட்டா.

விலை போடுறது பிழை எண்டு இப்பவும் நான் சொல்லேல்ல. அப்பிடி எழுதினது பிழை.

எட்டு மாசம் கதைக்கேல்ல. எத்தினை தரம் மெசேஜ் அடிச்சு அனுப்பாமல் அழிச்சிருப்பன்...

செத்தவீட்டண்டு சனத்துக்குள்ள ஒளிச்சு நிண்டிட்டு வந்திட்டன். மனம் கேக்கேல்ல. அடுத்த நாள் பின்னேரம் திரும்பப் போனன்.

அம்மா கதிரையில இருந்தவா. "நீங்களே கஜன்? மகள் சொல்லுறவள்" எண்டா. என்ன சொல்லுறவா எண்டு கேக்க எனக்குத் துணிவு வரேல்ல.

"இந்தப் பெட்டிக்கு முன்னால இருந்து அவள் என்ன செய்தவள் எண்டு எனக்குத் தெரியாது தம்பி. ஒருக்காக் காட்டுவியளோ?"

அக்காவின்ர கொம்பியூட்டரைப் போட்டன். ஓமந்தையில பஸ்ஸை எடுத்தன். அம்மா கதிரையை இழுப்பிச்சுக் கிட்ட வந்து இருந்தா.

"இது எங்கட ரோட்டெல்லே?"

"ஓம் அம்மா."

"இவ்வளத்தையும் அவள் தனியவோ?"

"ரெண்டு பேர் உதவினவை அம்மா. மிச்சம் முழுக்க அக்காதான்."

அதுக்குப் பிறகு அம்மா மாங்குளம், கிளிநொச்சி எல்லாம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு வந்தா.

பரந்தன் சந்தி வந்தது. அம்மா என்ர தோளைத் தொட்டா.

"வலப்பக்கம் திருப்புங்கோ தம்பி... வீட்டை போவம்."

கண்டாவளைப் பக்கம் அக்கா ரோட்டுச் செய்யேல்ல. அம்மாவுக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்ல... சந்தியில பஸ்ஸை நிப்பாட்டிப்போட்டு இருந்தன்.

மன்னியுங்கோ அக்கா. போய் வாங்கோ.