ராஜினாமாவுக்கு வந்த பதில்

'நிர்வாகக் குழு உறுப்பினரின் கணவன், மனைவி, மக்கள், உடன்பிறந்தோர் எவரும் சபாவின் மேடையில் பாடவோ வாசிக்கவோ கூடாது.' மாட்டுங்காவில் நான் செயலாளராக இருந்த சங்கீத சபாவின் பதினான்காவது விதி இது. எழுதியவன் நான்தான். பொருளாளரின் மகள் வருஷத்துக்கு மூன்று தடவை பாடிக்கொண்டிருந்தாள். அதை மரியாதையாக நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை. விதி நன்றாகவே வேலை செய்தது. மறு வருஷம் நான் கல்யாணம் செய்துகொண்ட பெண், வயலின் வித்வான் ஒருவரின் மகள். அவளும் பெரிய மேடைகளில் பக்கவாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தவள்.

பம்பாயில் வேறு சபாக்களும் இருந்தன. ஆனால் அவர்கள் கணக்கு வேறாக இருந்தது. "சொந்த ஆம்படையானே கூப்பிடலையே, என்ன வாசிப்பாளோ" என்று நினைத்துவிட்டார்கள். பாரபட்சம் கூடாது என்று போட்ட விதி, அவள் வாசிப்பைப் பற்றிய தீர்ப்பாக ஊரில் உலவியது. செம்பூர் வீட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதோடு அவள் சங்கீதம் நின்றது. என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஒவ்வொரு கச்சேரி நோட்டீஸ் அச்சாகி வரும்போதும், "வயலின் யாரு?" என்று மட்டும் கேட்பாள். பெயரைச் சொன்னதும் "நன்னா வாசிப்பார்" என்று உள்ளே போய்விடுவாள். அதற்குப் பதில் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அறுபதுகளின் நடுவில், பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டிய ஒரு சனிக்கிழமை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பெரிய பாடகர் ஒருவர் வந்திருந்தார். அவரும் மிருதங்கக்காரரும் முதல் நாளே வந்துவிட்டார்கள். வயலின்காரர் அன்றைக்கு மெட்ராஸ் மெயிலில் வரவேண்டியவர். விடிந்ததிலிருந்து மழை. மாலை ஐந்தரைக்குக் கல்யாண் ஸ்டேஷனிலிருந்து டிரங்க் கால் வந்தது. தண்டவாளம் முழுக்கத் தண்ணீர், ரயில் நகராது என்றார் வயலின்காரர். குடையைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள்.

வயலின் இல்லாமல் பாடுவதில்லை என்று பாடகர் உறுதியாக இருந்தார். "மூணு மணி நேரம் நான் மட்டும் கத்தறதுக்கு இது என்ன ஓய், ஏலக்கடையா? ஊர்ல யாருமே இல்லையா?"

சபாத் தலைவர் ஒரு வக்கீல், வயசானவர். என்னைப் பார்த்தார். பிறகு மூன்றாவது வரிசையைப் பார்த்தார். பாடம் முடிந்து நேரே வந்திருந்த என் மனைவி அங்கே உட்கார்ந்திருந்தாள். மழைக்கோட்டை வயலின் பெட்டிக்குப் போட்டுவிட்டு, தான் நனைந்து வந்திருந்தாள்.

"இருக்கா. ஆனா இவர் போட்ட சட்டம் ஒண்ணு குறுக்கே நிக்கறது" என்றார் தலைவர்.

"சட்டத்தைத் தள்ளும்" என்றார் பாடகர்.

தள்ள முடியாது. விதியைத் திருத்தப் பொதுக்குழு கூட வேண்டும். அதற்கு முன்னறிவிப்பு வேண்டும். ஆனால் ஒன்பதாவது விதி எனக்கு நினைவு வந்தது. ராஜினாமா, தலைவர் கையில் கொடுத்த கணமே செல்லும். அதற்குத் தலைவர் எழுத்து மூலம் பதில் தரவேண்டும், அவ்வளவுதான். நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கம் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தலைவர் அதைப் படித்துவிட்டுக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரி. இப்போ நீர் யாரோ, அந்த அம்மா யாரோ. கூப்பிடும்."

மூன்றாவது வரிசைக்குப் போய்ச் சொன்னேன். அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அவருக்கு ஒன்றரைக் கட்டை. குழந்தைகளுக்காகச் சுருதியை உசத்தி வெச்சிருக்கேன், இறக்கணும். சாக்பீஸ் இருக்கா பாருங்கோ" என்றாள். ஈரக்காற்றில் தந்தியை முறுக்கும் பிருடைகள் நிற்காமல் வழுக்கின. சாக்பீஸ் பொடியைத் தேய்த்துத் தேய்த்துச் சுருதி சேர்த்தாள்.

பாடகருக்கு இன்னும் ஒரு தயக்கம் இருந்தது. பெண்களைப் பக்கவாத்தியத்துக்கு வைத்துக்கொள்ளாத பரம்பரை அவருடையது. "நான் கொஞ்சம் வேகமாப் போவேன், கொழந்தே" என்றார்.

"போங்கோ மாமா, நான் பின்னாலேயே வரேன்" என்றாள்.

நான் கடைசி வரிசையில், எந்தப் பதவியும் இல்லாதவனாக, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். தோடி ராகத்தைப் பாடகர் விஸ்தாரமாகப் பாடி நிறுத்தினார். வயலினின் முறை வந்தது. அவர் அரைமணி பாடியதை அவள் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்தாள், எதுவும் விட்டுப்போகவில்லை. பாடகர் தொடையில் தட்டி, "இன்னும் கொஞ்சம் வாசி" என்றார். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒருவர்கூட இருமவில்லை. பம்பாய் சபாவில் அது சாதாரண விஷயமல்ல.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் கேட்டாள்: "ஏன்னா, நாளைக்கு சபா வேலையை யாரு பார்ப்பா?"

நான்தான் பார்த்தேன், வேறு யாருக்கும் மினிட்ஸ் எழுதத் தெரியாது. முறைப்படி பதில் கொடுங்கள் என்று தலைவரிடம் பலமுறை கேட்டேன். ஒருநாள் அவர் சொன்னார்: "பதில் போட்டா நீர் போயிடுவீர். கிழிச்சுப் போட்டா அவ வாசிக்க முடியாது. பையிலயே இருக்கட்டுமே, ஓய்!" சட்டப்படி எந்தப் பதவியும் இல்லாத நான் சபாவை நடத்தினேன். அவள் மேடையில் வாசித்தாள். பிற சபாக்களும் கூப்பிட்டன. உல்லாஸ்நகர் முதல் மெட்ராஸ் வரை அவள் பெட்டியோடு போய்வந்தாள். அந்தப் பாடகர் பம்பாய் வந்தபோதெல்லாம், "கொழந்தை இருக்காளா?" என்று கேட்டுத்தான் தேதி கொடுத்தார்.

தலைவர் தள்ளாமையால் விலகியபோது, சபா அவளையே தலைவியாகத் தேர்ந்தெடுத்தது. சாவிக்கொத்தோடு அந்தப் பழைய நோட்டீஸையும் அவர் அவளிடம் ஒப்படைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. சில நாள் கழித்து, நான் செம்பூர் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கையில் தபால்காரர் ஒரு உறையைக் கொடுத்தார். உள்ளே சபாவின் முத்திரை. 'தங்கள் ராஜினாமா ஏற்கப்பட்டது. சபா தங்களுக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறது.' கீழே என் மனைவியின் கையெழுத்து. சமையலறையில் அவள் காபி ஆற்றும் சத்தம் கேட்டது.

எத்தனையோ கோப்புகளில் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவன் நான். விதிப்படி நான் செய்த காரியங்களில் மனசுக்கு நிறைவாக இன்றும் நினைவிருப்பது, மழையில் எழுதிய அந்த இரண்டு வரிதான். அதற்குப் பதில் வந்து சேர்ந்தது ஒரு விஜயதசமிக்கு மறுநாள்.