திருடன் மட்டும் பேசிய பாஷை

அமலோற்பவம் அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் டோல்கேட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அவருடைய மகள் ஷீலாதான் போனில் பேசினாள். “அம்மா பூட்டாங்க அங்கிள்” என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, கோபம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். என் இரண்டாவது நாவலை அச்செடுத்து அவரிடம் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஏழு வருடம் எழுதிய நாவல். அக்கா ஒரு வார்த்தை சொல்லாமல் அதைப் பதிப்பகத்துக்கு அனுப்புவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். ஆஸ்பத்திரியில் கிடந்தவரிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை; படித்தாரா, பிடித்ததா, தூக்கி எறிந்தாரா, ஒன்றும் தெரியாது. இப்படி நட்டாற்றில் விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்று பஸ் நிறுத்தத்தில் வாய்விட்டே திட்டினேன்.

அவரை அறிந்தவர்களுக்கு இந்தக் கோபம் புரியும். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், டோல்கேட் பக்கம் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூடி, படித்த நாவல்களைப் பற்றிப் பேசுகிற பத்துப் பன்னிரண்டு பேர் நாங்கள். துறைமுகம், பள்ளிக்கூடம், மீன் ஏலம் என்று ஆளுக்கொரு பிழைப்பு. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ராயபுரத்து அக்காதான் அங்கே நாட்டாமை. அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. ‘நல்லா இருந்தது’ என்று மட்டும் யாராவது சொன்னால், காரணம் சொல்லும்வரை அந்த ஆள் உட்காரக் கூடாது. “சோத்துக்கு அது போதும், கதைக்குப் போதாது. நின்னுகினே யோசி” என்பார். வள்ளூரில் மின் நிலையத்தில் வேலை பார்க்கும் தாஸ் ஒருமுறை அப்படி இருபது நிமிடம் நின்றார். அவருக்குக் கால் மாற்றி மாற்றி வலித்திருக்க வேண்டும். கடைசியில், “அந்தக் கதையில வர்ற அப்பன் மாதிரியே நானும் எம்புள்ள கிட்ட பேசாம கீறேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அக்கா மேசையைத் தட்டி, “இது! இதான்யா நாவலப் பத்திப் பேசறது!” என்று கூவினார்.

அவருக்கு எல்லாம் தெரியும் என்று கதை விடமாட்டேன். நாவலில் கனவு வந்துவிட்டால் அந்த அத்தியாயத்தையே தாண்டிவிடுவார். “நடந்ததையே நம்ப முடியல, இதுல கனவு வேற பேஜாரு” என்பது அவர் கட்சி. ஒருமுறை அப்படித் தாண்டிய அத்தியாயம் கனவில் தொடங்கிச் சாவில் முடிகிற அத்தியாயம். கதாநாயகன் செத்துப்போனது தெரியாமலே, அவன் இனிமேல் திருந்திவிடுவான் என்று அரைமணி நேரம் எங்களோடு மல்லுக்கு நின்றார். தாஸ்தான் மெதுவாக விஷயத்தை உடைத்தார். “செத்துட்டானா? எப்போ?” என்று அக்கா கேட்ட கேள்வியில் மாடியே அதிர்ந்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம். அக்காவும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஆனாலும் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. “உயிரோட இருந்தா திருந்திருப்பான்!” என்றார்.

என் முதல் நாவல் வெளிவந்தபோது அந்த மாடியில் பேசினார்கள். எல்லோரும் கை கொடுத்தார்கள். நான் வியாசர்பாடியில் பிறந்தவன், கதையும் எங்கள் குடியிருப்பில் நடப்பது, ஆகவே எங்கள் ஊரை எழுதிவிட்டேன் என்று பூரித்தார்கள். கடைசியாக அக்கா பேசினார். “உன் கதையில திருடன் ‘இன்னா’ன்றான். குடிகாரன் ‘கீது’ன்றான். நர்ஸு மட்டும் ‘என்ன’ன்றா. லவ் பண்றவன் ‘இருக்கு’ன்றான். ஏன் நைனா, நம்ம பாஷையில லவ் வராதா?”

வெளியூர்க்காரர்கள் சிரித்துவிடுவார்கள் என்று ஏதோ சமாதானம் சொன்னேன். அவர் விடவில்லை. “உங்கம்மா கடைசியா உங்கிட்ட இன்னா சொல்லிச்சு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. ஆஸ்பத்திரியில் என் அம்மா கடைசியாகக் கேட்டது, “துன்னியா நைனா?” அதை நாவலில் ‘சாப்பிட்டியா கண்ணா?’ என்று மாற்றி எழுதியிருந்தேன். பெற்ற தாயின் வாயைத் துடைத்து, பவுடர் பூசி, அச்சில் ஏற்றியிருந்தேன். அந்த மாடியில் எனக்கு முகமே எரிந்தது. நான்கு மாதம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஐந்தாவது மாதம் புது நாவலைத் தொடங்கினேன். கப்பல் வேலைக்குப் போகிற மாரி, எண்ணூரில் காத்திருக்கும் ரீட்டா. இருவரும் கொஞ்சுவதும் கோபித்துக்கொள்வதும் எங்கள் பாஷையில்தான். அந்தப் பக்கங்களை எழுதும்போது எனக்கு இருந்த குஷி கொஞ்சநஞ்சமல்ல.

செய்தி வந்த அன்று மாலை ராயபுரம் வீட்டில் அக்காவைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். ஷீலா என்னை உள்ளே கூப்பிட்டு என் நாவலின் தாள்கட்டைக் கையில் கொடுத்தாள்.

“ஆஸ்பத்திரில அம்மாவால படிக்க முடில. நான்தான் படிச்சுக் காட்டினேன் அங்கிள். என் ஜென்மத்துல கதை படிச்சதில்ல. பக்கத்து பெட்டு ஆயாகூட கேட்டுகினு கெடந்துச்சு” என்றாள்.

“இன்னா சொன்னாங்க?” என்றேன். அவசரத்தில் என் வாயில் அதுதான் வந்தது.

“ஒண்ணும் சொல்லல. கடைசி நாலு அத்தியாயம் பாக்கி. மாரி திரும்பி வர்றானா இல்லியான்னு அதையே பேசிகினு இருந்தாங்க. நேத்து மூச்சு ரொம்ப வாங்குச்சு. எனக்கு மனசு கேக்கல. கடைசிப் பக்கத்தப் பாத்து சொல்லிரட்டுமான்னேன். ‘சொன்னே, சாவடிச்சிருவேன்’னாங்க. அப்புறம் பேச்சே இல்ல.”

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. எழவு வீட்டில், அத்தனை பேர் நடுவில், அழுதுகொண்டே சிரித்தேன். பிடித்ததா என்று தெரியாமல்தானே மூன்று வாரமாகத் தவித்துக்கொண்டிருந்தேன்! சாகப் போகிற நேரத்திலும் மாரி வருவானா என்று ஒருவர் கதையின் போக்கிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார். இதற்குமேல் ஒரு எழுத்தாளனுக்கு யார் என்ன சொல்லிவிட முடியும்? அந்த ஆசையைத்தான் அக்காவின் நினைவாக நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பெட்டியை மூடுவதற்கு முன் அவர் காதருகே குனிந்தேன். மாரி வந்தானா இல்லையா என்பது என் நுனிநாக்குவரை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அக்கா எழுந்து உட்கார்ந்து அறைந்துவிடுவார் என்று பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.