குவியலாகப் போட்ட சர்க்கரை

ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில், விடிவதற்குச் சற்று முன், அப்பாவின் தங்கை உறக்கத்திலேயே இறந்தார். காலையில் மருத்துவர் வந்து உறுதிசெய்தார். மாலையில் மின்சுடலையில் தகனம். சடங்குகளைச் செய்தவன் நான். மழை இல்லை.

இந்தப் பதிவில் இடம்பெறாத ஒன்று உண்டு.

அது நடந்தபோது எனக்கு ஏழு வயது. ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பா, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவார். ஒரு பானை அளவுதான்; பத்துப் பன்னிரண்டு போத்தல் தேறும். முளைகட்டிய பார்லியின் மால்ட் பாகைக் கொதிக்கவைத்து, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவைச் சேர்த்து, ஆறியபின் ஈஸ்ட் தூவி, ஜாடியைத் துணியால் மூடுவார். மறுநாள் ஜாடி உயிர்பெற்றிருக்கும். நுரை எழும்பித் துணியை முட்டும். காதை வைத்தால் தகரக் கூரையில் தூறல் விழும் ஓசை. கோயில் கருவறைக்கு முன்னால்கூட நான் அத்தனை பயபக்தியுடன் நின்றதில்லை.

நுரை அடங்கியதும் போத்தலில் நிரப்ப வேண்டும். அதில் அத்தைக்கு ஒரே வேலை: போத்தலுக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை. மூடிய போத்தலுக்குள் அதுதான் வாயுவாக மாறும். அப்பாவின் கை தாராளமானது. ஆகவே அளவு அத்தையின் பொறுப்பு. கரண்டியை நிரப்பி, கத்தி முதுகால் வழித்து மட்டப்படுத்துவார். அவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கரும்பலகையில் கோடு இழுப்பதும் அப்படித்தான்.

அந்த மாதம் கிள்ளானிலிருந்து அத்தையைப் பெண்பார்க்க வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் தந்தை ஊர் அறிந்த மதுவிலக்குப் பிரசாரகர். கல்யாணத்துக்குப் பின் பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. அப்பா ஒப்புக்கொண்டிருந்தார்.

“என் வகுப்புப் பிள்ளைங்க, அண்ணே?” என்று அத்தை ஒருமுறை கேட்டார்.

“வேற டீச்சர் வருவாங்க லா,” என்றார் அப்பா. பேச்சு முடிந்தது.

அடுத்த போத்தல் நாளன்று கத்தி மேசையிலேயே கிடந்தது. அத்தை கரண்டியைக் குவியலாக அள்ளினார். ஒரே போத்தலில் மூன்று முறை. பிறகு அடுத்த போத்தல். அப்பா அடுப்படியில் மூடி அழுத்தும் கருவியோடு போராடிக்கொண்டிருந்தார். எனக்கு அது தாராளமாகப் பட்டது. “சமையக்கட்டு ஈரமா இருக்கு,” என்று சொல்லி அத்தை, போத்தல்களை மரப்பெட்டியில் அடுக்கி, மேலே கோணிச்சாக்குகளைக் கனமாகப் போர்த்தி, கூடத்தை ஒட்டிய ஸ்டோர் அறையில் வைத்தார். மத்தியான வெயில் விழும் அறை அது.

விருந்தினர் வந்த அன்று கொளுத்தும் வெயில். அத்தை ஸ்டோர் கதவைச் சாத்தி, என்னைத் தம் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார்.

“எங்க வீட்ல சோடா போத்தல்கூட உள்ள விட மாட்டோம்,” என்றார் மாப்பிள்ளையின் தந்தை.

ஸ்டோர் அறையில் ஒன்று வெடித்தது.

“பக்கத்து வீட்டுப் பசங்க, பட்டாசு…” என்றார் அப்பா. இரண்டாவது வெடித்தது. பிறகு வரிசையாக. கதவடியில் வெண்ணுரை மெல்ல ஊர்ந்து, மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த பழத்தட்டு வரை வந்து நின்றது. அதைவிடப் பெரிய அதிசயத்தை நான் கண்டதில்லை.

“என்னங்க இது, பீர் வாடை?” என்றார் மாப்பிள்ளையின் தாயார்.

“எங்கப்பாவே செஞ்சது, ஆன்டி!” என்று பெருமை தாங்காமல் கூவினேன்.

தட்டு வந்த வழியே திரும்பிப் போனது. கதவைத் திறந்து பார்த்தோம். கூரையெங்கும் பழுப்புத் தெறிப்பு. கண்ணாடிச் சில்லுகள் அனைத்தும் சாக்குக்குள்ளேயே அடங்கியிருந்தன.

“அளவு தப்பிருச்சா?” என்று கேட்டார் அப்பா.

“வெயில் ஜாஸ்தி, அண்ணே.”

மறுநாள் அத்தை வழக்கம்போலப் பள்ளிக்குப் புறப்பட்டார். ஓய்வுபெறும் வயது வரை புறப்பட்டுக்கொண்டே இருந்தார். அன்று எனக்குப் புரிந்தது, சர்க்கரைக்கு அவ்வளவு பலம் உண்டு என்பது மட்டும்தான்.

இன்னும் செய்யாதவை:

அத்தையின் பள்ளிக்கூடச் சேலைகளை யாருக்காவது கொடுப்பது.

ஸ்டோர் அறைக் கூரைக்குச் சாயம் பூசுவது. ஒவ்வொரு முறையும், “அது இருக்கட்டும்டா,” என்று அத்தை தடுத்துவிட்டார்.

அந்தக் கரண்டியைப் பற்றி அவரிடம் கேட்பது.