ஆட்சேபணை உண்டா என்று கேட்ட கூட்டம்

எங்கள் ஊராட்சியைப் பக்கத்துப் பேரூராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்ற செய்தி, கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில்தான் எங்கள் காதுக்கு வந்தது. சேர்த்துவிட்டால் நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும். சொந்த நிலம் இல்லாத எங்கள் தெருவுக்கு, கரும்பு வெட்டு இல்லாத மாதங்களில் அந்த வேலைதான் கஞ்சி ஊற்றியது. மக்களிடம் கருத்துக் கேட்டுத்தான் முடிவெடுப்பார்கள் என்றார்கள். நம்பினோம்.

கூட்டத்துக்கு முந்தின நாள் ஏரி வாய்க்காலில் தூர் வாரிக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர்க் கட்சிக்காரர் இரண்டு ஆட்களோடு பைக்கில் வந்து கரையில் நின்றார்.

"நாளைக்கு ஆபீசருங்க வருவாங்க. சம்மதம்னு கையத் தூக்கிட்டு வூட்டுக்குப் போய்க்கினே இருங்க. எவளாவது மாத்திப் பேசினா அந்தத் தெருவுக்கே ஒண்ணும் கெடைக்காது."

என் கணவரின் அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். தன் கணவர் செத்த பிறகு எங்களோடு இருப்பவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

"அப்போ கருத்து கேக்கறது யார்கிட்டங்க?"

"தாலியறுத்தவளுக்கு இன்னாடி அவ்ளோ வாயி?" என்றார் அவர். கூட இருந்த இருவரும் சிரித்தார்கள். அண்ணி குனிந்து மண்ணை அள்ள ஆரம்பித்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கட்சிக்காரரின் ஆட்கள் ஓரமாக நின்று எங்கள் முகங்களைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி எதையோ வேகமாகப் படித்துவிட்டு, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்றார். யாரும் அசையவில்லை. அண்ணி எழுந்தார். மைக் கைக்கு வருவதற்குள் அதை அணைத்துவிட்டார்கள்.

"நூறு நாள் வேலை போச்சுன்னா நாங்க இன்னா பண்றதுங்க?" என்று குரலை உயர்த்திக் கேட்டார். "டவுன்ல எங்களுக்கு யார் வேல வெச்சிருக்காங்க?"

"உக்கார்றீ" என்று பின்னாலிருந்து ஒருவன் அவர் தோளைப் பிடித்து அழுத்தினான். அவன் கையைத் தட்டிவிட்டு நானும் எழுந்தேன். "எனக்கும் சம்மதமில்லீங்க" என்றேன். வாசலில் நின்ற போலீஸ்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி "சரிம்மா, சரிம்மா" என்று ஃபைலை மூடினார்.

மறுநாளிலிருந்து எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் ரிப்பேர் என்றார்கள். மற்ற தெருக்களில் தண்ணீர் ஓடியது. கரும்பு வெட்டு மேஸ்திரியும் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார், கூப்பிடவில்லை. கட்சிக்காரர் செய்தது அவ்வளவுதான். மீதியை எங்கள் தெருவே செய்தது.

"உங்க ரெண்டு பேர் வாயால நாங்க கொடத்தத் தூக்கிக்கினு அலையறோம்" என்று எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று கத்தினாள். என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் அவள். "போயி கால்ல வுழுந்துட்டு வாங்க."

என் கணவரும் அதையே சொன்னார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணி கட்சிக்காரர் வீட்டுக்குக் கிளம்பினார். நானும் போனேன்.

கட்சிக்காரர் எங்களை வெயிலில் நிற்கவைத்துவிட்டு உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"தப்புதான்னு சொல்லு."

"தெருவுக்குத் தண்ணி வுடுங்க" என்றார் அண்ணி. "புள்ளைங்க இருக்குது. நான் பேசினது பேசினதுதான்."

கட்சிக்காரர் காறித் துப்பினார். அது அண்ணியின் காலருகே விழுந்தது. "போங்கடி" என்றார்.

மறுநாள் காலையில் தண்ணீர் வந்தது. காலில் விழுந்து வாங்கிவந்தோம் என்று தெரு பேசியது. இல்லை என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அண்ணி சொல்லவே இல்லை.

மழைக்காலம் முடிவதற்குள் ஊரைச் சேர்த்துவிட்டார்கள். எல்லாரும் சம்மதித்தார்கள் என்று மைக்கில் அறிவித்தார்கள். நூறு நாள் வேலை நின்றது. இப்போது நைனார்பாளையம் பக்கம் மக்காச்சோளக் காட்டில் களை எடுக்கப் போகிறோம். எதிர்வீட்டுக்காரியும் அதே பஸ்ஸில் வருகிறாள். முதல் நாள் நின்றுகொண்டே வந்தாள். அண்ணி நகர்ந்து இடம்விட்டார். அவள் உட்காரவில்லை, நைனார்பாளையம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.