கடல் காட்டிய வண்டி

அன்றைக்குக் கரையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, அந்த அக்காவின் கணவர், செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த என் மகள். வேறு யாரும் இல்லை. பிறகு எத்தனையோ முறை இந்த ஐந்து பேரையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ஒருவராவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நானும் சொல்லவில்லை.

நான் மீன் விற்கிறவள். விடியும் முன்னே காசிமேட்டு ஏலத்தில் எடுத்து, காலடிப்பேட்டைத் தெருக்களில் வாடிக்கை வீடுகளுக்குக் கொடுப்பேன். ஷேர் ஆட்டோவில்தான் போய்வந்தேன். கூடை ஏறினால் பக்கத்திலிருப்பவர் மூக்கைப் பொத்துவார். டிரைவர் கூடைக்கும் ஓர் ஆள் காசு கேட்பார், சில நாள் என்னைப் பார்த்ததும் நிறுத்தாமலே போய்விடுவார். நேரத்துக்குப் போகாவிட்டால் இப்போது யாரும் காத்திருப்பதில்லை, போனில் சொல்லிவிடுகிறார்கள். வெட்டிக் கழுவிய மீன் பெட்டியில் வந்து இறங்குகிறது. அப்படி நாலு வீடு கையை விட்டுப் போயிருந்தது. மிச்ச வீடுகளும் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் வண்டி.

பெட்ரோல் வண்டிக்கு லைசென்ஸ் வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஏழாவதோடு நின்றவள் நான், அந்தப் பேச்சையே விட்டுவிட்டேன். மெதுவாகப் போகிற சின்ன எலெக்ட்ரிக் வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம். விலை ஐம்பத்தெட்டாயிரம். அதில் ஐம்பதாயிரம் எங்கள் தெரு மகளிர் குழுக் கடன். குழுத் தலைவி என் நாத்தனார், அதாவது கரைக்கு வந்த அந்த அக்கா. எனக்காகப் பேசியதும் அவள்தான். நான் தவணை தவறினால் மற்றப் பெண்கள் தங்கள் கையிலிருந்து கட்டவேண்டும். அவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று கடன் வாங்கும் முன்பே கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன்.

வண்டிக்கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பொறுமையான மனுஷன். சார்ஜ் போட்டால் பேட்டரி வெடிக்குமா, மழையில் ஷாக் அடிக்குமா, துறைமுகத்துக்குப் போகிற டிரைலர் லாரி பக்கத்தில் வந்தால் காற்றே தள்ளிவிடுமா என்று நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

"பயப்படாதீங்க தங்கச்சி. மழையில தாராளமா ஓட்டலாம். தேங்கி நிக்கிற தண்ணியில மட்டும் இறக்கிராதீங்க. மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளதான் இருக்கு. தண்ணி உள்ள போச்சுன்னா வாரண்டி கிடையாது, இப்பவே சொல்லிருதேன்."

தலையாட்டினேன். அவர் சொன்ன தண்ணி என் மனசில் மழைத்தண்ணியாகத்தான் பதிந்தது. மழைக்காலத்தில் எந்தெந்தச் சந்தில் தேங்கும் என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

என் வீட்டுக்காரர் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. புதுப் படகோ, எஞ்சினோ, வலையோ எது வந்தாலும் முதலில் கடலுக்குக் காட்டுவார்கள். வண்டி வாசலில் நின்றதும் நாத்தனார் மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழத்தோடு வந்தாள்.

"இன்னாமே யோசிச்சுகினு நிக்கிற? எலுமிச்சம்பயம் நசுக்குனா மட்டும் போதுமா? கடலம்மாவுக்குக் காட்டாத வண்டி நம்ம வூட்ல எப்டிமே நிக்கும்?"

எங்கள் பக்கம் கரை முழுக்கக் கல் கொட்டிக் கிடக்கிறது. நடுவில் கொஞ்சம் மணல் மிஞ்சிய இடத்தில் வீட்டுக்காரரும் அவர் அக்கா கணவரான மாமாவும் வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். சக்கரம் நனைந்தால் போதும் என்றுதான் பேச்சு. ஓர் அலை வந்து சீட்டுக்குக் கீழே வரை ஏறியது.

"கெட்டியா புடி மச்சான், மெதந்துகினு போய்டப் போவுது!" என்று மாமா கத்தினார். எல்லோரும் சிரித்தோம். நாத்தனார் செம்பில் கடல்தண்ணியை மொண்டு பின்சக்கரத்தில் ஊற்றிக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். இந்த வண்டியை யாராவது திருடிக்கொண்டு போய்விடக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. முன்னால் தெர்மாகோல் பெட்டியில் சங்கரா மீனும் காரப்பொடி மீனும் இருக்க, சத்தமே இல்லாமல் தெருவுக்குள் நுழைவேன். போன வீடுகளில் இரண்டு திரும்பி வந்தன. ராத்திரி சார்ஜரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன், சூடு ஏறுகிறதா என்று. அதைத் தவிர வேறு கஷ்டமில்லை.

பிறகு பின்சக்கரத்தில் மணலை அரைப்பது மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஒருநாள் காலை எக்ஸ்பிரஸ் சாலையிலேயே நின்றுவிட்டது. பின்னால் டிரைலர்கள் ஹாரன் அடிக்க, நான் வண்டியை ஓரத்துக்குத் தள்ளினேன். தள்ளவும் வரவில்லை, சக்கரம் பிடித்துக்கொண்டிருந்தது. ஐஸ் உருகிக் காலில் சொட்டியது. ஒருவழியாகக் காலடிப்பேட்டை போய்ச் சேர்ந்தபோது, திரும்பி வந்த இரண்டு வீட்டில் ஒரு வீட்டு அம்மா சொன்னார், "இன்னிக்கு வேற இடத்துல வாங்கிட்டேன்மா." கோபமில்லாமல்தான் சொன்னார்.

வீட்டில் ஒரே யோசனைதான் வந்தது. "மழையில நனஞ்சிதுன்னு சொல்லிடுமே" என்றார் வீட்டுக்காரர்.

"பங்குனி வெயில்ல எங்கயா மழை?"

"பேஞ்சிதுன்னு சொல்லு. அவரு வந்து பாத்தாரா?"

நாத்தனாரும் அதையே சொன்னாள். கடன் வாங்கித் தந்தவளிடம் என்ன கேட்பது? என் மகள் அன்றைக்கு எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வேறு போட்டிருந்தாள். அது கடைக்காரர் கண்ணில் பட்டிருக்குமோ என்று தூக்கமே இல்லை. மழை, மழை என்று மனப்பாடம் செய்தேன்.

கடைக்கு நாத்தனாரும் கூட வந்தாள். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி மோட்டார் மூடியைத் திறந்தான். உள்ளே செம்மண் நிறத்தில் துரு, விளிம்பெல்லாம் வெள்ளை பூத்திருந்தது.

"மழையில..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னாக்கா, உங்க தெருல மழையோட மணலும் பேயுதா?" என்று உள்ளேயிருந்து ஒரு சிட்டிகை மணலை எடுத்துக் காட்டினான். "எவனோ கிறுக்கன் கடல்ல எறக்கிக்கீறான்."

நாத்தனார் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள்.

"இன்னாடா சொன்ன? கிறுக்கனா? நான்தான்டா எறக்குனேன்! எங்க வூட்ல எது வாங்குனாலும் கடலம்மாவுக்குக் காட்டிட்டுதான் தொடுவோம். அவ சோறு துன்றவங்க நாங்க. மழை, கிழைன்னு அவளை மறைச்சுப் பொய் சொல்லணுமா?"

பொய் சொல்லச் சொன்னதே அவள்தான் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு மறந்தே போயிருந்தது.

கடைக்காரர் அந்த மணலைத் தொட்டுப் பார்த்தார். "இப்படி எல்லார் முன்னாலயும் சொன்ன பிறகு கம்பெனிக்கு நான் என்னன்னு எழுதுவேன் அக்கா? வாரண்டி கிடைக்காது. புது மோட்டார்தான் போடணும். ஒம்பதாயிரத்து இருநூறு ஆகும்."

நெஞ்சில் ஒரு பாரம் இறங்கி வேறொன்று ஏறியது. பொய் போனது, கடன் வந்தது. வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் பழையபடி ஷேர் ஆட்டோவுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஓடாத வண்டிக்குக் குழுத் தவணை கட்டுவதை நினைத்ததும் அந்த நினைப்பும் போனது. நாத்தனார் இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து மூவாயிரத்தை மேஜையில் வைத்தாள். "மீதியை வாரா வாரம் தரோம்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

புது மோட்டார் போட்டு வண்டி வாசலுக்கு வந்த காலையில் அவள் செம்போடு வந்து நின்றாள். உள்ளே கடல்தண்ணி. நான் ஓடிப்போய் வண்டியை மறித்து நின்றேன்.

"அண்ணி, வேணாம் அண்ணி. கால்ல வேணா வுழறேன்."

"நவுராதமே. அப்டியே நில்லு." செம்பில் கையை நனைத்து என் தலையில் தெளித்தாள். "வண்டிக்குத்தான் ஆவாது. ஓட்றவளுக்கு ஆவும்ல?"

உப்பு கண்ணில் எரிந்தது. துடைத்துக்கொண்டு காசிமேட்டுக்குக் கிளம்பினேன். அன்று வாங்காத அந்த வீட்டம்மா இன்னும் கூப்பிடவில்லை. அவர் வாசலில் மெதுவாக்கித்தான் போகிறேன். பின்சக்கரத்தில் எந்தச் சத்தம் வந்தாலும் இறங்கிக் காதை வைத்துக் கேட்கிறேன். சனிக்கிழமை தோறும் நாத்தனார் வந்து தன் பங்கு இருநூற்றைம்பதை மீன் பெட்டி மூடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போவாள். என் இருநூற்றைம்பதையும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை கடைக்காரரிடம் கொடுப்பேன். இதுவரை நாலு வாரம் கொடுத்தாயிற்று. குழுக் கடன் தனி. மோட்டாருக்கு மட்டும் இன்னும் நாலாயிரத்து இருநூறு ரூபாய் பாக்கி.