நாலாம் மாதத்து வளையல்

என் வயிறு என் கணக்கை முந்திக்கொண்டு போனதுதான் முதல் அறிகுறி. நாலாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பார்த்தவர்கள் ஏழு என்றார்கள்.

எங்கள் வீடு மண்ணூர்பேட்டையில். கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அழுத்தும் பிரஸ் ஓட்டும் வேலை. நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள், எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். அதனால் மாமியார் சொன்னதும் என் கணக்குதான் தப்பு என்று நம்பிவிட்டேன்.

"நீ நாள தப்பா வெச்சிகினு கீற. இல்லாங்காட்டி உள்ள ரெட்ட கீது."

"ரெட்டன்னா ஒன்னு உனுக்கு, ஒன்னு எங்கம்மாவுக்கு. நான் நைட் ஷிப்ட்டுக்கு ஓடிடுவேன்," என்றார் கணவர்.

ஏழாம் மாதம் தாண்டிவிடப்போகிறதே என்று அவசரமாக வளைகாப்பு வைத்தார்கள். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். பிரசவம் ஆகும்வரை கழற்றக் கூடாது. வளையல் சத்தம் கேட்டால் உள்ளே ஏதோ திரும்புவதுபோல் இருக்கும். அதனோடு பேசுவேன்.

பிறகு பழுப்பாக உதிரம் பட்டது. மின்சார ரயில் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் (ஒலி அலையால் வயிற்றுக்குள் பார்க்கும் படம்) எடுத்தவர் திரையை என் பக்கம் திருப்பவே இல்லை.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "உள்ள குழந்தை இல்லம்மா. இது முத்துப்பிள்ளை." (குழந்தை உருவாகாமல், நஞ்சுக்கொடியாக வேண்டிய திசு மட்டும் திராட்சைக் கொத்துபோல் கருப்பையை நிரப்புவது.)

"அப்ப இத்தன நாளா வளந்தது?"

"ஒரு செல் ரெண்டாகும், ரெண்டு நாலாகும். அப்புறம் இது கை, இது இதயம்னு வேற வேறயா மாறும். உங்க வயித்துல அது எதுவாவும் மாறல. பெருகிட்டே மட்டும் போச்சு."

"நான் பேசுனேன் டாக்டர். அது திரும்புச்சு."

அவர் சேர்க்கைச் சீட்டை எழுதிக் கணவரிடம் நீட்டினார்.

கருப்பையைச் சுத்தம் செய்ய அழைத்துப் போனபோது நர்ஸ் வளையலைக் கழற்றச் சொன்னார். மாமியார் வாசலை மறித்து நின்றார். "புள்ள பொறக்காம கயட்டக் கூடாதும்மா." நர்ஸ் வளையல்மேல் துணியைச் சுற்றிக் கட்டினார்.

துளி மிஞ்சினாலும் மறுபடி பெருகலாம், நுரையீரலுக்கும் போகலாம், புற்றுநோயாகவும் ஆகலாம் என்றார்கள். அதைக் கண்டுபிடிக்க, கர்ப்பத்தைக் காட்டும் அதே ஹார்மோனின் அளவை வாராவாரம் ரத்தத்தில் பார்த்தார்கள். முதலில் குறைந்தது. பிறகு ஏறியது. வயிறு ஒட்டிப் போயிருந்தது, உள்ளே யாரும் இல்லை. பரிசோதனை மட்டும் கர்ப்பம் என்றே சொன்னது.

குழாயடியில் எதிர்வீட்டு அக்கா என் கையையும் வயிற்றையும் மாறிமாறிப் பார்த்தார். "வளையலோட கீற, வயித்தக் காணமேம்மே?"

கழற்ற இப்போது எனக்கே பயம். சத்தம் நின்றால், நான் அதை விட்டுவிட்டது அதற்குத் தெரிந்துவிடும் என்று தோன்றியது. படுக்கும்போதுகூடக் கையை லேசாக ஆட்டிக்கொள்வேன்.

செல் பிரிவதைத் தடுக்கும் ஊசி போட்டார்கள். வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சிகூட இறங்கவில்லை. "வாய்த் தோலும் ஓயாம புதுசா வளர்றதுதானே," என்றார் டாக்டரம்மா. "எது நல்ல வளர்ச்சின்னு மருந்துக்குத் தெரியாது."

கடைசியில் ஒருநாள் கணவர் பரிசோதனைத் தாளோடு வந்தார். "இல்லன்னு வந்துடுச்சிமே," என்று சொல்லிவிட்டு அழுதார். அடுத்த வாரமும் இல்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. ஒரு வருடம் கர்ப்பமாகாமல் இருந்து, பரிசோதனையைத் தொடரச் சொன்னார்கள். உங்களில் யாருக்காவது இது வந்திருந்தால், உடம்பு தேறிவிட்டது என்று அதை நடுவில் விட்டுவிடாதீர்கள்.

சோப்பு நுரை போட்டு மாமியார்தான் வளையலைக் கழற்றினார், ஒன்றுகூட உடையாமல். "பொறந்திருந்தா மருத்துவச்சிக்குக் குடுப்போம். இத யாருக்குடி குடுக்கிறது?" என்றார். துணியில் முடிந்து பரண்மேல் வைத்தார்.

வளையல் இருந்த இடத்தில் தோல் வெளுத்து, வளையமாகத் தெரிந்தது. சில வாரத்தில் அது கறுத்து மற்றத் தோலோடு கலந்துவிட்டது. நல்லதுதான் என்றார்கள். நான் மட்டும் மணிக்கட்டைக் காதருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே புதிதாக வளரும் தோலிலும் ஒன்று இரண்டாகிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல்.